நாய்க்குப் பார்த்த நாள்

2007 மார்ச் 14, புதன்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். வானத்தில் துண்டு மேகம் இல்லை, காற்றும் இல்லை. அச்சு மை கம்பெனிக்காரர்கள் ஒரு புத்தாண்டுக்குக் கொடுத்த வெப்பமானி எங்கள் முன்னறைச் சுவரில் தொங்கியது. அதில் இருபத்தெட்டு டிகிரி. அந்த நேரத்தில்தான் கால்நடை மருத்துவர் எங்கள் நாயின் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல இழுக்க வேண்டாம் சார். மருந்து பையிலயே இருக்கு. இன்னைக்கே போட்டுரலாம்" என்றார்.

என் மனைவி அப்போது வீட்டில் இல்லை. ஒன்பது நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீர் அன்று வந்திருந்தது. ஆறாவது குடத்துக்காகத் தெருமுனையில் வரிசையில் நின்றாள். நாயின் தலைமாட்டில் நானும் டாக்டரும் மட்டும்தான். நான் சுவரைப் பார்த்தேன். வெப்பமானிக்குப் பக்கத்தில் தினசரி காலண்டர் தொங்கியது.

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் பத்தொன்பது வருடம் தினசரி காலண்டர் பிரிவில் செக்கிங். பின் அடித்து வரும் கட்டுகளில் நூற்றுக்கு ஒன்றை உருவி, முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை எண்ணுவேன். முந்நூற்று அறுபத்தைந்து இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த லோடு முழுவதையும் பிரிக்கச் சொல்வேன். எண்ணும்போது கண் தானாகப் படித்துக்கொண்டே போகும். ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம். இவற்றில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பார்க்காமல் ஒரு காரியமும் செய்ததில்லை.

அன்றைய தாளில் என் ராசியான ரிஷபத்துக்குச் சந்திராஷ்டமம். நேரமோ எமகண்டம், புதன்கிழமை அது ஏழரை முதல் ஒன்பது வரை. தாளைத் தூக்கி அடுத்த நாட்களைப் பார்த்தேன். டாக்டர் பையின் ஜிப்பைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். 15 வியாழன், பங்குனி மாதப் பிறப்பு. 16 வெள்ளி; வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதையும் வெளியே அனுப்புவதில்லை. அன்று பிற்பகலே அவிட்டம் தொடங்குகிறது. அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரங்களில் சாவு விழுந்தால் அடைப்பு என்று சொல்லி, செத்த அறையை மாதக்கணக்கில் பூட்டி வைப்பவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. எங்கள் வீட்டில் அறைகளே இரண்டுதான். 17 சனி. சனிக்கிழமைச் சாவு இன்னொரு சாவைக் கூட்டிக்கொண்டு போகும் என்ற பயம் எல்லாருக்கும் இருப்பதுதான். 18 ஞாயிறு, 19 திங்கள் அமாவாசை, 20 செவ்வாய், ரேவதி. 21 புதன், அசுவினி, வளர்பிறை. அந்தத் தாளில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இவையெல்லாம் மனிதச் சாவுக்குச் சொன்னவை. நாய்க்கு யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தை மாதத்தில்தான் இரத்தக் கொதிப்பு அதிகமாகி என் மனைவி மதுரையில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டில் விழுகிற சாவு எதனுடையதாக இருந்தால் என்ன, அவளையும் தேடிவிடுமோ என்று பயந்தேன். இப்போது எழுதும்போது இது நல்ல காரணமாகத் தெரிகிறது. அன்று எனக்கு என்னைப் பற்றியும் பயம் இருந்தது.

டாக்டரிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மகன் திருப்பூரில் இருக்கிறான், அவன் வந்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறான், அடுத்த புதன்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"ஒரு வாரமா? அதுவரைக்கும் இது என்ன பாடு படும்னு தெரியுமா சார்?"

தெரியும் என்றேன். அவர் ஜிப்பை மூடினார். நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வெம்பக்கோட்டைப் பக்கம் ஆட்டுத் தடுப்பூசி முகாமுக்குக் கிளம்பிவிட்டார். ஸ்கூட்டர் சத்தம் அடங்குவதற்குள் மனைவி குடத்தோடு வந்தாள். இனி தேறாது, அடுத்த புதன்கிழமை ஊசி போட்டுவிடலாம் என்று டாக்டர் நாள் சொல்லியிருக்கிறார் என்றேன். குடத்தை இறக்கிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஏன் ஒரு வாரம் என்று கேட்டாள். மருந்து வர வேண்டும் என்றேன். ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு பேருக்கு இரண்டு பொய்.

நாய் ராஜபாளையம் இனம். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 1998இல் நானூறு ரூபாய்க்கு வாங்கினேன். கூடப் பிறந்த குட்டிகள் ஆயிரத்துக்குக் குறையாமல் போயின. இதற்குக் காது கேட்காது. அந்த இனத்தில் அப்படிச் சில பிறப்பதுண்டு. பட்டாசு செய்கிற ஊரில் காது கேட்காத நாய் லாபம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு பொய்க்கவில்லை. தீபாவளிக்குத் தெருநாய்களெல்லாம் சாக்கடைப் பாலத்துக்கடியில் நடுங்கிக் கிடக்கும்போது எங்கள் நாய் வாசலில் உட்கார்ந்து புஸ்வாணத்தை வேடிக்கை பார்க்கும். அதைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையில் குதிகாலால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். அதிர்வு தெரிந்து திரும்பும். அப்படிப் பழக்கியது என் மனைவி. அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தாள். கேட்காத காதுக்குப் பெயர் எதற்கு என்று நான் கேட்டதுண்டு.

முதல் வலிப்பு 2003இல் வந்தது. அந்த வருடம் மொத்தம் நான்கு. 2004இல் பத்தொன்பது. 2005இல் ஐம்பத்திரண்டு. 2006இல் நூற்று முப்பத்தொன்று. கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்: எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது, மூத்திரம் போனதா இல்லையா. காலையில் ஒன்றரை மாத்திரை, மாலையில் ஒன்றரை. அந்த மாசியில் பின்னங்கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. ஒவ்வொரு வலிப்புக்குப் பிறகும் சிறிது நேரம் கண்ணும் தெரியாது. பார்க்கவும் கேட்கவும் முடியாத அந்த நேரத்தில் தோலில் படுவது ஒன்றுதான் அதற்குத் தெரியும். மனைவி கழுத்தில் கை வைத்தால் அடங்கும். எடுத்தால் தரையைக் கடிக்கும், சாக்கைக் கடிக்கும், தன் நாக்கையே கடிக்கும். அப்போதெல்லாம் நான் கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்பேன். யாராவது நேரம் பார்க்க வேண்டுமே.

புதன்கிழமை மூன்று. வியாழன் நான்கு. வெள்ளி நான்கு.

வெள்ளிக்கிழமை மாலை, டாக்டருக்குப் போன் போட்டு மருந்து வந்துவிட்டதா என்று கேட்கச் சொன்னாள். தெருமுனை பூத்துக்குப் போனேன். ஒரு ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் நின்ற இரண்டு பேரும் பேசி முடிக்கும் வரை காத்திருந்தேன். என் முறை வந்ததும் திரும்பி வந்துவிட்டேன். மணி அடிக்கிறது, அவர் எடுக்கவில்லை என்றேன். நாணயத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டேன். எடுக்காத போனுக்குக் காசு போகாதுதான்; இருந்தாலும் அவள் அதைக் கவனித்தாளோ என்று இரவு முழுவதும் கவலையாக இருந்தது.

எங்கள் வீட்டுக்கு எதிரே பழைய தாள் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் இருந்தார். அச்சகங்களில் வெட்டி விழும் காகிதத்தை லோடு லோடாக வாங்கி மில்லுக்கு அனுப்புவார். என்னைவிடப் பத்து வயது இளையவர். சனிக்கிழமை மதியம் என்னைத் தன் குடோனுக்குள் கூப்பிட்டார். நாயின் ஊளை அவர் வீட்டில் யாரையும் தூங்கவிடவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. தன் வண்டி மூன்று மணிக்கு விருதுநகர் போகிறது, அங்கே தெரிந்த மாட்டு டாக்டர் ஒருவர் இருக்கிறார், தாள் மூட்டைக்கு மேல் படுக்க வைத்தால் நாய் அலுங்காமல் போய்ச் சேரும், நாலரை மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார். வண்டிக்கூலி வேண்டாம் என்றார். நான் சனிக்கிழமை வேண்டாம் என்றேன். ஏன் என்று துருவினார். அவரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. குடோன் சுவரைக் காட்டினார். "ஒங்க கம்பெனி காலண்டர்தான் அண்ணாச்சி தொங்குது. நானுந்தான் தெனமும் கிழிக்கிறேன். பன்னெண்டு ராசிக்கும் பலன் போட்டிருக்கான். ஒங்க நாய் எந்த ராசி? பாத்துச் சொல்லுங்க."

நான் எதிரே எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தேன்.

"அண்ணிக்கு இது தெரியுமா?"

தெரியாது, சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

"நான் ஏன் சொல்றேன். சொன்னா அவுக நாயை விட்டுட்டு ஒங்களைத்தான் லோடுல ஏத்துவாக."

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வண்டி போகும் சத்தம் கேட்டது. அன்று ஏழு வலிப்பு. வண்டி போவதற்கு முன்பு இரண்டு, போன பிறகு ஐந்து.

ஞாயிற்றுக்கிழமை இடுப்புப் புண்ணில் புழு வைத்திருந்தது. ஒரே பக்கமாகப் படுத்துப் படுத்து எலும்பு தெரிகிற அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. மனைவி வேப்பெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்து ஊற்றினாள். புழுக்கள் மேலே வந்ததும், காலில் தைத்த முள் எடுக்கும் முள்வாங்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொட்டாங்கச்சியில் போட்டாள். நான் கொட்டாங்கச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று. எண்ணிக்கையை அவளிடம் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னும் மூணு நாளா?" என்றாள். "அந்த டாக்டரு மனுசந்தானா? மருந்து வரலைன்னா மதுரைக்குப் போயி வாங்கியாரக் கூடாதாக்கும்?"

டாக்டர்களுக்கு வேலை அதிகம் என்றேன். அவள் அவரைத் திட்டிக்கொண்டே புண்ணைத் துடைத்தாள். அவர் படித்த படிப்பை, அவரைப் பெற்றவர்களை, அவர் வாங்குகிற சம்பளத்தை. எதையும் நான் மறுக்கவில்லை. அன்று ஆறு வலிப்பு.

திங்கட்கிழமை அமாவாசை. எங்கள் வீட்டில் அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைத்து, அது கொத்திய பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட வேண்டும். நாய்க்கு மாத்திரையைச் சோற்றில் பிசைந்துதான் கொடுக்க முடியும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தியில் போய்விடும். காலை எட்டு மணிக்கு அவள் சோற்றை எடுத்தாள். காக்கை எடுக்கட்டும் என்று நான் தடுத்தேன். நாய்க்குமா என்று கேட்டாள். வீட்டில் வெந்த சோறு எல்லாருக்கும் ஒன்றுதான் என்றேன். படையலை முடித்து மொட்டைமாடிச் சுவரில் சோற்றை வைத்துவிட்டு நின்றேன். வெயிலில் ஒரு காக்கையும் வரவில்லை. பதினொன்று ஐம்பதுக்கு ஒன்று வந்து ஒரு வாய் கொத்தியது. அதற்குள் நாய்க்கு நான்கு முறை வந்துவிட்டது. அன்று மொத்தம் ஒன்பது.

செவ்வாய்க்கிழமை குழி. தெருக்கோடியில் குடியிருந்த ஒருவர் தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தார். புதன்கிழமை காலை ஆறரைக்கே கம்பெனி வேன் வந்துவிடும் என்பதால் முதல்நாள் மாலையே வெட்டி முடிக்கச் சொன்னேன். நான்கடி நீளம், இரண்டடி அகலம், மூன்றரை அடி ஆழம், நூற்றைம்பது ரூபாய். கரிசல் மண் மார்ச்சில் கல்லாகக் கிடக்கும். கடப்பாரையால் இரண்டு மணி நேரம் குத்தினார். முழங்கை வரை ஒட்டியிருந்த அலுமினியத் தூள் வியர்வையோடு வழிந்தது. முடித்துவிட்டு முகம் கழுவப் பின்வாசலுக்கு வந்தவர், சாக்கின் மேல் கிடந்த நாயைப் பார்த்தார். அதுவும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

"ஐயா, இது உசுரோட கெடக்கே."

நாளைக்குத்தான் என்றேன்.

ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு நின்றார். "எங்க கம்பெனில வெடிச்சுச் செத்தவனுக்குக்கூட, செத்தபெறகுதான்யா குழி வெட்டுனோம்."

ரூபாயை எண்ணாமல் வாங்கிக்கொண்டு நடந்தார். எண்ணிப் பார்க்கச் சொன்னேன். திரும்பிப் பார்க்கவில்லை. அன்று பதினொன்று. ஏழு நாளில் நாற்பத்து நான்கு.

21ஆம் தேதி ஒன்பதரைக்கு வரும்படி டாக்டரிடம் சொல்லியிருந்தேன். அவர் எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கே வந்துவிட்டார். மேலதிகாரி வருகிறார், ஒன்பதுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும் என்றார். செருப்பைக் கழற்றிக்கொண்டே என் மனைவியிடம் கேட்டார்: "மகன் வந்து பாத்துட்டாராம்மா?"

"மகனா? அவன் எதுக்கு வரணும்?"

"திருப்பூர்ல இருக்கிறவரு. அவர் வந்து பாக்கணும்னுதானே சார் ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னாரு. நான் போன புதன்கிழமையே மருந்தோட வந்தேனே."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து அதன் கழுத்தில் கையை வைத்தாள். அந்த நேரத்தில்தான் அன்றைய முதல் வலிப்பு தொடங்கியது, 8.11க்கு.

டாக்டர் மருந்தை உறிஞ்ச ஆரம்பித்தார். ஒன்பது மணி வரை பொறுக்க முடியுமா என்று அவரைக் கேட்டேன். ஏழு நாள் காத்தாயிற்று, நாற்பத்தொன்பது நிமிடத்தில் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. ஏன் என்றார். எமகண்டம் என்றேன். டாக்டர் ஊசியைப் பிடித்தபடி என் மனைவியைப் பார்த்தார்.

"போடுங்க தம்பி" என்றாள் அவள். "இவுக நேரத்தைப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

மற்ற நாட்களில் வலிப்பு நான்கு நிமிடத்தைத் தாண்டியதில்லை. அன்று பத்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை. வெட்டி வெட்டி இழுக்கிற காலில் இரத்தக்குழாய் அகப்படவில்லை. முதல் ஊசி நழுவி மருந்து தோலுக்கடியில் இறங்கியது. அந்த இடம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது. இரண்டாவது ஊசி வளைந்துபோனது. முன்னங்காலை யாராவது மேலே இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு அவள் கழுத்திலிருந்த கையை எடுத்தாக வேண்டும்.

"கையை வைங்க அது மேல" என்றாள் என்னிடம்.

கடிகாரத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கை வைத்தேன். நான்கு வருடத்தில் வலிப்பின்போது அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கை அதற்குப் பழக்கமில்லை. தலையைத் திருப்பிப் பெருவிரலுக்குக் கீழே கடித்தது. பல் ஆழமாக இறங்கியது. நான் கையை இழுக்கவில்லை. பொறுமையால் அல்ல, இழுத்தால் அவள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள் என்பதால்.

மூன்றாவது ஊசி ஏறியது. தாடை தானாகத் தளர்ந்தபோதுதான் முடிந்தது என்று தெரிந்தது. கடிகாரம் கவிழ்ந்து கிடந்தது. எட்டரைக்கும் எட்டே முக்காலுக்கும் இடையில் என்றுதான் தாளில் எழுத முடிந்தது. எமகண்டத்துக்குள்தான் போயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவள் எழுந்து போய் டாக்டருக்குக் காப்பி போட்டு வந்தாள். "ஒங்களை ஒரு வாரமா வாயில வந்தபடி வைதுட்டேன் தம்பி. மனசுல வச்சுக்காதீக" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நின்றபடியே குடித்தார். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் நான் கட்டாயம் நாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தூக்குவதற்குப் பாய் வந்தார். சாக்கோடு எடுத்து இறக்கினோம். குழி ஓர் அடி கூடுதல் நீளமாக இருந்தது. நோய்க்கு முந்தைய நாயை நினைத்து நான் அளவு சொல்லியிருக்கிறேன். மனைவி உப்பைக் கொட்டினாள். மண்ணைத் தள்ளிக்கொண்டே, "ஒங்களுக்கும் தெரியுமா பாய்?" என்றாள். பாய் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாய்க்கடி ஊசி மொத்தம் ஐந்து. கடித்த அன்று ஒன்று, அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள். இரண்டாவது ஊசி சனிக்கிழமை விழுந்தது. திங்கட்கிழமை வரலாமா என்று நர்ஸிடம் கேட்டேன். "சாகணும்னா வாங்க" என்றாள்.

மனைவி என்னோடு பேசாமல் இருந்துவிடவில்லை. தண்ணீர் வருகிற நாள், மின்கட்டணம், மகனுடைய போன், எல்லாம் பேசினாள். அந்த ஏழு நாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. நானாகத் தொடங்கினால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளுக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல நான்கு தடவை முயன்றேன்.

ஏப்ரல் 18, கடைசி ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்று, உட்கார்ந்து செலவைக் கூட்டினேன். டாக்டர் முதல் தடவை வந்ததற்கு நூறு, இரண்டாம் தடவைக்கு இருநூறு. மாத்திரை இருபத்தொன்று, ஒன்று இரண்டே கால் வீதம் நாற்பத்தேழு ரூபாய் இருபத்தைந்து காசு. வேப்பெண்ணெயும் கற்பூரமும் முப்பத்தெட்டு, குளுக்கோஸ் நாற்பத்திரண்டு, குழி நூற்றைம்பது, உப்பு முப்பது. ஊசி மருந்து நூற்று எண்பத்தைந்து, வீணாய்ப் போன ஊசிகளுக்கும் மருந்துக்கும் தனியாக அறுபது. எனக்குப் போட்ட ஊசி ஐந்துக்கு, ஒன்று இருநூற்றுத் தொண்ணூற்றைந்து வீதம், ஆயிரத்து நானூற்று எழுபத்தைந்து. எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூற்று இருபத்தேழு ரூபாய் இருபத்தைந்து காசு.

எனக்குத் தெரியாமல் அவள் பின்னால் வந்து நின்றிருக்கிறாள். தோளுக்கு மேலிருந்து கடைசி வரி வரை படித்தாள்.

"பஞ்சு ரெண்டு பாக்கெட்டு, பன்னெண்டு ரூவா. நான் வாங்குனது. அது விட்டுப்போச்சு" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சேர்த்தேன். இரண்டாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்பது ரூபாய் இருபத்தைந்து காசு.